பொலிஸாரின் பலப்பிரயோகமும் உயிரிழப்புகளும்: மலையகத்துக்கு ஒரு பகிரங்கப் பதிவேடு தேவை

தேயிலைத் தோட்டங்களில் கணக்கில் வராத விடயம் என்று எதுவும் இல்லை. ஒரு பெண் தொழிலாளி காலையில் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார், மாலையில் எத்தனை கிலோ நிறுத்தார் என்பது அன்றன்றே எழுதப்படுகின்றது. நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' என்று செக்ரோலில் பதிவாகின்றது. பல தலைமுறைகளாக இவ்வாறு நாளாந்தம் எண்ணப்பட்டு வந்த ஒரு சமூகத்திடம், "உங்களில் எத்தனை பேர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டினாலோ பொலிஸ் காவலிலோ உயிரிழந்துள்ளனர்?" என்று கேட்டால், எடுத்துக்காட்டுவதற்கு ஒரு பதிவேடும் இல்லை. பெயர்கள் சில நினைவில் உண்டு. மேதினக் கூட்டங்களில் அவை உச்சரிக்கப்படுகின்றன. ஆனால் அரசாங்கத்திடமோ, தொழிற்சங்கங்களிடமோ, பல்கலைக்கழகங்களிடமோ முழுமையான கணக்கு என்று ஒன்று பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டதில்லை.

இக்குறைபாடு வெறுமனே வரலாற்று ஆய்வாளர்களின் கவலை அல்ல. ஒரு மரணம் எண்ணப்படாதவிடத்து அது குறித்து எழுப்பப்படும் கேள்விகளும் அடுத்த செய்தி வரும்வரையே உயிர்வாழ்கின்றன. இத்தகைய மரணங்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா, எந்தப் பொலிஸ் பிரிவில் அதிகம், எத்தனை சம்பவங்கள் நீதிமன்றம் வரை சென்றன, எத்தனை இடைவழியில் மறைந்தன என்பவற்றுக்கு எவரும் விடை கூற முடியாத நிலையே தொடர்கின்றது.

முல்லோயாவும் டெவனும்

மலையகத் தொழிலாளர் வரலாற்றில் இரு சம்பவங்கள் அனைவரும் அறிந்தவை. முதலாவது, 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்ட பகுதியில் உள்ள முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது நிகழ்ந்த பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகம். அதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்களை அணிதிரட்டி வந்த லங்கா சமசமாஜக் கட்சி இம்மரணத்தைத் தேசிய விவகாரமாக்கியது. விசாரணை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அதில் தோன்றினார். முல்லோயா வழக்குகள் தொடர்பாக உள்நாட்டு விவகார அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க வழங்கிய அறிவுறுத்தலைப் பொலிஸ் மா அதிபர் ஏற்க மறுத்தார். ஆளுநர் கால்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். இதனையடுத்து அமைச்சர்கள் பதவி துறந்தனர். ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணம் நாட்டின் அமைச்சர் சபையையே ஆட்டம்காணச் செய்தது.

இரண்டாவது சம்பவம் 1977ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி நிகழ்ந்தது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் பலியானார். எழுந்த எதிர்ப்பின் விளைவாக அக்காணித் திட்டம் கைவிடப்பட்டது. இன்று ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு அண்மையில் இப்படியொரு உயிர்த்தியாகம் நிகழ்ந்தது என்பதைப் பயணிகள் அறியமாட்டார்கள். மலையக மக்கள் அறிவார்கள்.

இவ்விரு பெயர்களும் நிலைத்தமைக்குக் காரணம், அவற்றின் பின்னால் பெரும் போராட்டங்கள் இருந்தமையே. இவ்விரண்டுக்கும் இடையில் 37 ஆண்டுகள். அதன் பின்னரும் பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. வேறு தோட்டங்களின் பெயர்களும் வேறு தொழிலாளர்களின் பெயர்களும் தொழிற்சங்க மேடைகளில் சொல்லப்பட்டே வருகின்றன. ஆனால் ஒருவர் கூறும் பட்டியலும் இன்னொருவர் கூறும் பட்டியலும் ஒத்துப்போவதில்லை. ஊர்ப் பெயர் மாறுகின்றது, ஆண்டு மாறுகின்றது, பெயரின் எழுத்தும் மாறுகின்றது. சாட்சிகளாக இருந்த முதியோர் மறையும்போது அந்தப் பட்டியல்களும் அவர்களுடன் மறைகின்றன.

அண்மைக்கால நிகழ்வுகளிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், ஆயுதம் தாங்கிய பொலிஸார் நின்றிருக்கத் தமிழ்க் கைதிகள் படுகொலை செய்யப்பட்டனர். நாடே அதிர்ந்த சம்பவம் அது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. ஆயினும் கொல்லப்பட்டோரின் தொகை 26 என்றும் 27 என்றும் 28 என்றும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகின்றது. 2003ஆம் ஆண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் எவரும் மேன்முறையீடுகளின் பின்னர் குற்றவாளியாக எஞ்சவில்லை. இத்தனை பேசப்பட்ட சம்பவத்திலேயே தொகை நிலையில்லாதபோது, ஒரு லயனில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த மரணத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

எண்ணத் தொடங்கிய நாடுகள் கண்டது

இப்பிரச்சினை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. செல்வமும் கணினியும் நிறைந்த அமெரிக்காவே இதில் நீண்டகாலம் தடுமாறியது. 2014ஆம் ஆண்டு ஓகஸ்டில் மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரில் மைக்கல் பிரவுன் என்ற இளைஞர் பொலிஸ் உத்தியோகத்தரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆண்டொன்றில் நாடு முழுவதும் இவ்வாறு எத்தனை பேர் கொல்லப்படுகின்றனர் என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கத்திடம் நம்பத்தக்க விடை இருக்கவில்லை. பொலிஸ் திணைக்களங்கள் விரும்பினால் மட்டும் மத்திய புலனாய்வுப் பணியகத்துக்குத் தகவல் அனுப்பும் முறையே அங்கு இருந்தது. 2015இல் 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையும் 'கார்டியன்' பத்திரிகையும் செய்திகளையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் திரட்டித் தாமே எண்ணத் தொடங்கின. பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்படுவோர் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,000 பேர் என்பது தெரியவந்தது. உத்தியோகபூர்வக் கணக்கு அதில் பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை. தம்மைவிடப் பத்திரிகைகளிடம் சிறந்த தரவு இருப்பது வெட்கக்கேடு என்ற கருத்தை அப்போதைய பணியகப் பணிப்பாளரே வெளியிட நேர்ந்தது. 2019இல் பணியகம் புதிய தரவுத் திரட்டலை ஆரம்பித்தது. அதுவும் கட்டாயமற்றதாகவே அமைந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை வேறு. பொலிஸாருடனான தொடர்பின்போதோ அதன் பின்னரோ நிகழும் மரணங்கள் பற்றிய அறிக்கை 2004-05 முதல் ஆண்டுதோறும் சுயாதீன அமைப்பினால் வெளியிடப்படுகின்றது. துப்பாக்கிச் சூடு, காவலில் மரணம், பொலிஸ் வாகன விபத்து, விடுவிக்கப்பட்ட பின் தற்கொலை என்று அவை வகைப்படுத்தப்படுகின்றன. இந்தியாவில் காவலில் நிகழும் மரணம் ஒவ்வொன்றும் 24 மணித்தியாலங்களுக்குள் தமக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு 1993ஆம் ஆண்டிலேயே பணித்தது. 2014ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், பொலிஸ் மோதல் மரணங்களுக்கு 16 வழிகாட்டல்களை வகுத்து, அம்மரணங்களின் விபரங்களை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஆணைக்குழுவுக்கு அனுப்புமாறு கட்டளையிட்டது. இந்தியாவில் காவல் மரணங்கள் இதனால் நின்றுவிடவில்லை என்பது உண்மை. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்டால், அங்கு ஓர் எண்ணிக்கை மேசைக்கு வருகின்றது. அதை வைத்துக்கொண்டு வாதாடலாம், அது பொய்யென்று நிறுவவும் செய்யலாம்.

எதனை எண்ணுவது?

பதிவேடு என்றவுடன் 'துப்பாக்கிச் சூட்டில் இறந்தோர்' என்ற ஒற்றைத் தலைப்புடன் நிறுத்திக்கொள்வது பெரும் தவறாகும். தமிழகத்தின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் அனுபவம் இதனை உணர்த்துகின்றது. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி, அத்தொழிலாளர்களின் கோரிக்கைகளை முன்வைத்துத் திருநெல்வேலியில் நடந்த பேரணி மீது பொலிஸார் தடியடி நடத்தினர். தப்பி ஓடியவர்கள் தாமிரபரணி ஆற்றில் இறங்கினர். ஒரு குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தனர். இவர்களில் பலரின் மரணத்துக்கு நீரில் மூழ்கியதே காரணம் என்று கூறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டை மட்டும் எண்ணும் பதிவேட்டில் தாமிரபரணிக்கு இடமே இருக்காது.

காவலில் நிகழும் மரணங்களும் அவ்வாறே. 2023ஆம் ஆண்டு மே மாதம், கொழும்பில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்த பதுளையைச் சேர்ந்த தாய் ஒருவர், திருட்டுக் குற்றச்சாட்டின் பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டுக் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். மலையகத்திலிருந்து வேலை தேடிச் சென்றவர்களின் மரணம் மலையகத்துக்கு வெளியே நிகழ்கின்றது. சம்பவம் நடந்த இடத்தை மட்டும் குறிக்கும் கணக்கில் அது கொழும்பு மாவட்டத்தின் மரணமாகவே பதிவாகும். இறந்தவரின் சொந்த ஊரும் தொழிலும் குறிக்கப்பட்டால் மாத்திரமே தோட்டப்புறத்திலிருந்து செல்லும் பெண்களின் பாதுகாப்பின்மை அதில் புலப்படும்.

மற்றொரு விடயம், மரணம் பற்றி முதலில் வெளிவரும் கூற்றுக்கும் பின்னர் வெளியாகும் உண்மைக்கும் இடையிலான தூரம். 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது அது மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலில் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு வெளிப்பட்டது. பொலிஸ் உத்தியோகத்தர்கள் ஐவர் கைது செய்யப்பட்டனர். 2020 நவம்பர் இறுதியில் மஹர சிறைச்சாலையில் 11 கைதிகள் உயிரிழந்தபோது, கைதிகளுக்கிடையிலான மோதலே காரணம் என்று சொல்லப்பட்டது. கொவிட் தொற்றைக் காரணம் காட்டி உடல்கள் எரிக்கப்படும் அபாயமும் நிலவியது. நீதிமன்றத்தின் தலையீட்டினால் சட்ட வைத்திய நிபுணர் குழு பரிசோதித்தபோது துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் கண்டறியப்பட்டன. சிறைச்சாலை அதிகாரிகள் பொலிஸார் அல்லர் என்றபோதிலும் பாடம் ஒன்றே. உடலே முதற்சாட்சி. அக்காலத்தில் கட்டாய எரிப்பினால் ஜனாஸாக்களை இழந்து தவித்த முஸ்லிம் மக்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டிய அவசியமில்லை. ஜனாஸாவை விரைந்து நல்லடக்கம் செய்ய வேண்டும் என்ற மார்க்கக் கடமையும், உடலை விரைவில் பெற்றுச் சடங்குகளை முடிக்க வேண்டும் என்ற இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களின் தவிப்பும் இயல்பானவை. எனினும் சந்தேகத்துக்குரிய மரணத்தில் பிரேத பரிசோதனை முறையாக நடைபெறும் வரையிலான அந்தச் சில மணித்தியாலப் பொறுமை, பின்னர் எவராலும் ஈடுசெய்ய முடியாத சாட்சியத்தைக் காக்கின்றது.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

நமது சட்டத்தில் அடித்தளம் இல்லாமல் இல்லை. பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் நீதவான் விசாரணை நடத்த வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விதிக்கின்றது. 2003ஆம் ஆண்டு சிறியாணி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம், சட்டவிரோதமாக உயிர் பறிக்கப்படாதிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 13(4)ஆம் உறுப்புரையிலிருந்து தேடியெடுத்து நிலைநாட்டியது. கணவனைக் காவலில் இழந்த மனைவி அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடரலாம் என்பதும் அவ்வழக்கினால் உறுதியானது. முல்லோயாவில் கோவிந்தனின் மனைவிக்கு இல்லாதிருந்த உரிமை அது. 2023இல் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, காவல் மரணங்களையும் மோதல் மரணங்களையும் தடுப்பதற்கான வழிகாட்டல்களைப் பொலிஸாருக்கு வெளியிட்டது. ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் செல்லப்பட்ட சந்தேகநபர் அவ்விடத்தில் தாக்க முற்பட்டதால் சுடப்பட்டார் என்ற ஒரே விதமான விளக்கம் மீண்டும் மீண்டும் வெளிவந்த பின்னணியிலேயே அவ்வழிகாட்டல்கள் தேவைப்பட்டன.

இல்லாதது எதுவெனில், இவையனைத்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் பகிரங்கப் பதிவேடு. நீதவானின் அறிக்கை ஒரு நீதிமன்றக் கோவையில் கிடக்கின்றது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இன்னொரு இடத்தில். திணைக்கள விசாரணையின் முடிவு பொலிஸ் தலைமையகத்தில். முறைப்பாடு மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலோ. பொலிஸ் திணைக்களம் கொலை, கொள்ளை முதலான பாரிய குற்றங்களின் புள்ளிவிபரங்களை வெளியிடுகின்றது. அதே ஒழுங்குடன் தனது பலப்பிரயோகத்தினால் விளைந்த மரணங்களைச் சம்பவம் சம்பவமாக வெளியிடும் வழக்கம் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால் 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் பணிக்கின்றது. கைதுக்கு உள்ள இக்கடமை, பொலிஸாரின் கையில் நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் சட்டத்தின் மூலம் விரிவுபடுத்தப்பட வேண்டும்.

அவ்வாறு அமையும் பதிவேட்டில் திகதி, இடம், பொலிஸ் நிலையம், மரணம் நேர்ந்த விதம், சுடப்பட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை, காயமுற்றோர் தொகை, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நேரம், நீதிமன்ற வழக்கு இலக்கம், இறுதி முடிவு ஆகியவை இருத்தல் வேண்டும். மலையகத்தைப் பொறுத்தவரை மேலும் இரண்டு அவசியம். ஒன்று, தோட்டத்தின் பெயரும் பிரிவும். கிராம சேவகர் பிரிவை மட்டும் எழுதினால் தோட்டம் மறைந்துவிடும். மற்றது, உறவினரதும் சாட்சிகளதும் வாக்குமூலம் எந்த மொழியில் பதியப்பட்டது என்ற விபரம். தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளங்காமலேயே கையொப்பமிடப்படும் நிலை மலையக மக்களுக்குப் புதியதல்ல.

ஹட்டன், நுவரெலியா பொலிஸ் பிரிவுகளில் பல ஆண்டுகள் இவ்வாறான மரணம் எதுவுமின்றிக் கழியக்கூடும். அப்போதும் 'இல்லை' என்று எழுதப்பட வேண்டும். செக்ரோலில் வேலைக்கு வராதவரின் கட்டமும் நிரப்பப்படுவது போன்றதே இது. மரணம் இல்லை என்று பொறுப்புள்ள ஒருவர் கையொப்பமிட்ட ஆண்டும், எவரும் எதுவும் எழுதாத ஆண்டும் ஒன்றாகமாட்டா.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

இப்பதிவேடு பொலிஸாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் முயற்சி என்று சிலர் கருதலாம். தமது உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து நேர்ந்தபோது சுட நேரிட்ட உத்தியோகத்தரும் இருப்பார். அவரது செயல் நியாயமானதென்று நீதிமன்றம் கண்டால் அதுவும் அதே பதிவேட்டில் எழுதப்படும். வதந்தியிலிருந்து அவரைக் காப்பதும் அந்தப் பதிவே. 1990ஆம் ஆண்டு ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐக்கிய நாடுகள் சபையின் அடிப்படைக் கோட்பாடுகளும் பலப்பிரயோகத்தினால் நேரும் மரணங்களும் காயங்களும் அறிக்கையிடப்பட்டு மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்கின்றன.

இனரீதியான எண்ணிக்கை பகைமையை வளர்க்கும் என்பது மற்றொரு ஆட்சேபம். உண்மையில், முழுமையான பதிவேடு இதற்கு மாறான காட்சியையே தரும். 2011இல் கட்டுநாயக்காவில் சுடப்பட்டு இறந்த ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியும், 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடியபோது இறந்தவரும் சிங்களவர்கள். டெவனில் இறந்தவரின் பெயரும் ரம்புக்கனையில் இறந்தவரின் பெயரும் ஒரே பக்கத்தில் எழுதப்படும்போது, இது ஓர் இனத்தின் முறைப்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது.

காத்திருக்காமல் செய்யக்கூடியவை

அரசாங்கம் சட்டம் இயற்றும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பொலிஸ் திணைக்களமும் அதற்கு உட்பட்டதே. காரணம் கூறாமலேயே, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு உண்டு, அதன் பின் ஆணைக்குழு உண்டு. ஹட்டன், நுவரெலியா பொலிஸ் பிரிவுகளில் ஆண்டுவாரியாக எத்தனை தடவை துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, எத்தனை பேர் இறந்தனர் என்று ஆண்டுதோறும் கேட்பதைத் தொழிற்சங்கம் ஒன்றோ சட்டத்தரணிகள் சங்கம் ஒன்றோ வழமையாக்கிக் கொள்ளலாம். வரும் பதில்களை ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் வெளியிடலாம். மறுப்பு வந்தால் அந்த மறுப்பையும் வெளியிடலாம்.

குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய கால எல்லை ஒன்றும் உண்டு. அடிப்படை உரிமை மீறல் மனு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் கொள்ளப்படாது. தோட்டத்தில் கருமாதி முடிந்து உறவினர் கலைந்து செல்வதற்குள் பாதி மாதம் போய்விடும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்போது கால எல்லையே கடந்திருக்கும். இதனை அக்குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்லும் பொறுப்பு தோட்டத் தலைவருக்கும், ஆலய பரிபாலன சபைக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், ஊர் ஆசிரியருக்கும் உண்டு.

இறுதியாக, பழைய கணக்கையும் எழுதி முடிக்க வேண்டும். முல்லோயாவிலிருந்து இன்று வரை நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்துக்கும் பத்திரிகைச் செய்தி, ஹன்சார்ட், நீதிமன்ற ஆவணம், தொழிற்சங்கக் கோவை, முதியோரின் வாய்மொழி ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் தோட்டங்களுக்குக் கூப்பிடு தூரத்திலேயே உள்ளது. அங்கு பயிலும் மலையக மாணவர்கள் பலர் அத்தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள். கேட்டு எழுத வேண்டியவர்கள் லயன்களில் இன்னமும் இருக்கின்றார்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்து முடிக்க வேண்டும்.